தேவனாம்பட்டினத்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரி 1964-இல் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் அங்கே சேரப் புறப்பட்ட பையன்களுக்கு வீட்டிலும் ஊரிலும் சொல்லி அனுப்பிய புத்திமதிகளில் முதலாவது, "இங்கிலீஷை மட்டும் விட்டுடாதடா" என்பது.

அதற்குக் காரணம் இருந்தது. பள்ளிப்படிப்பு அப்போது பதினோராம் வகுப்போடு முடிந்தது. அடுத்து கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. நெல்லிக்குப்பத்திலோ குறிஞ்சிப்பாடியிலோ சரித்திரத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழில் படித்துவிட்டு வந்தவன், கல்லூரி திறந்ததும் அதே பாடங்களை ஆங்கிலத்தில் கேட்டுத் திகைத்தான். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, இரவில் அகராதியோடு உட்கார்ந்து அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். செமஸ்டர் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டு முடிவில் வைக்கும் ஒரே தேர்வு. ஆங்கிலத் தாளில் தவறி, டுடோரியலில் சேர்ந்து, மறுபடியும் தவறி, கடைசியில் கழனிக்கே திரும்பியவர்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1978-இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கூடத்துக்கே வந்ததும் பி.யூ.சி. ஒழிந்தது.

இரண்டாவது புத்திமதி, "கூட்டத்துல போய் நிக்காதே." கல்லூரி தொடங்கிய மறு ஆண்டே, 1965 ஜனவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். படிக்க அனுப்பிய பிள்ளை உயிரோடு திரும்ப வேண்டுமே என்ற பயம் அந்த வார்த்தையில் இருந்தது. பிள்ளைகள் கேட்டார்களா என்பது வேறு. மூன்றாவது, சாயங்காலம் டைப்ரைட்டிங் சேர்ந்து ஹையர் முடித்துவிடு என்பது. பட்டத்தோடு அதுவும் இருந்தால் சர்க்கார் ஆபீஸ் நிச்சயம் என்று நம்பினார்கள்.

இன்று முதலாண்டு சேர்கிறவருக்கு இந்த மூன்றும் உதவாது. விண்ணப்பம் இணையத்தில், தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தளம். தேவனாம்பட்டினத்துக்குத்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சி.முட்லூரிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பணத்தில் மாதம் 200 ரூபாயாவது புத்தகத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

பட்டம் தரும் பல்கலைக்கழகமும் இருமுறை மாறிவிட்டது. சென்னைக்குப் பிறகு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை என்றாலும் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டியிருந்த காலம் அது. இப்போது கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டன. சிதம்பரம் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான்.

தேர்வும் இளகிவிட்டது. ஒரு தாளில் தவறினால் அரியர். அதோடேயே அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். இந்தச் சலுகைதான் ஆபத்து. நவம்பரில் விட்ட தாளை ஏப்ரலிலேயே எழுதி முடியுங்கள். மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளினால் அது தனியாக நிற்காது, கூட நாலைச் சேர்த்துக்கொண்டு நிற்கும்.

இவையெல்லாம் கடந்துவிடக்கூடியவை. மனத்தில் உறுத்துவது வேறு. 1960-களில் அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்த பையனைத் தெருவே திரும்பிப் பார்த்தது. பொறியியல் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் முளைத்த பிறகு, "எதுவும் கிடைக்கலேன்னா ஆர்ட்ஸ்ல போடு" என்று பெற்றவர்களே பேசத் தொடங்கினார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தோற்றுப்போனவனாகத் தன்னை நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைகிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று வருடம் போனைப் பார்த்துவிட்டுப் போகிறது. நான் இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பும் புத்திமதி ஒன்றே ஒன்று: நீங்கள் வந்து சேர்ந்திருப்பது காத்திருப்பு அறை இல்லை. இந்த இடத்தைப் பயன்படுத்துங்கள்.

இடம் என்று சொல்வது வெறும் கட்டடத்தை இல்லை. வரலாறு எடுத்தவரா? கல்லூரியிலிருந்து நடந்து போகும் தொலைவில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை சுற்றியுள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேச்சு. நாலாபுறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள், அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே, கம்பெனியின் சொத்தாயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் கடலூர் பக்கத்தில் இருக்கிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, ஆங்கிலேயரின் தென்னிந்தியத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை பிடித்துத் தகர்த்தது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக வரும் கர்நாடகப் போர்கள் நடந்த மண் இது. இதைப் பார்க்காமலே வரலாற்றில் பட்டம் வாங்கிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விலங்கியல் படிப்பவருக்குக் கெடிலம் ஆற்றின் முகத்துவாரமும் விடியற்காலை கரைக்கு வரும் மீனும் இருக்கின்றன. பொருளாதாரம் படிப்பவர் மீனவர் குடியிருப்புக்குப் போகலாம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி தேவனாம்பட்டினத்தில் உயிர்களையும் வீடுகளையும் படகுகளையும் வாரிக்கொண்டு போனது. இன்று முதலாண்டில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். கடன் வாங்கிப் படகு செய்தது எப்படி, வட்டி எவ்வளவு, வீடு யார் பெயரில் வந்தது என்று அங்குள்ள ஓர் அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். நுண்கடன் பற்றிய பாடம் அதற்கப்புறம் புரியும்.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று அரசுக் கல்லூரிகளில் உங்களுக்குப் பாடம் எடுப்பவர்களில் கணிசமானவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். நெட், செட் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ முடித்துவிட்டுத் தொகுப்பூதியத்தில் பல வருடங்களாக நிரந்தரப் பணிக்குக் காத்திருப்பவர்கள். ‘கெஸ்ட்டுதானே’ என்று அவர்கள் வகுப்பைக் கட் அடிக்காதீர்கள். பெரும்பாலும் உங்களைப் போல் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்கள். எந்த உதவித்தொகைக்கு எப்போது எழுதிப் போட வேண்டும், முதுகலைக்கு எங்கே போகலாம் என்று அலைந்து தெரிந்துகொண்டவர்கள். அதைக் கேளுங்கள். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அதில் முதுகலை சேர நாடு முழுமைக்கும் பொதுவான நுழைவுத் தேர்வு உண்டு. விண்ணப்பம், நீங்கள் இறுதியாண்டுப் பாடத்தை முடிக்கும் முன்பே வந்து போய்விடும். தேதி கடந்த பிறகு வந்து விசாரிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.