“பூ இன்னும் மலை ஏறலை மேடம்!” - லடாக்கில் ஆப்ரிகாட் பூ தேடி ஒரு பயணம்

லே விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “எங்கடி பூ?”

நியாயமான கேள்விதான். டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் மலையடிவாரம் முழுக்க ஒரே ரோஸ் கலர். “ஏப்ரல் ரெண்டாவது வாரம் வந்துடுங்க மேடம், ஆப்ரிகாட் பூத்துக் குலுங்கும்” என்று அடித்துச் சொல்லியிருந்தார். எங்கள் கண்முன்னே இருந்ததோ பழுப்பு மலைகள், மொட்டையாக நின்ற பாப்ளர் மரங்கள், முகத்தில் அறையும் குளிர்காற்று. இத்தனை தூரம், இத்தனை செலவு. அதுவும் 69 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அம்மா ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். பிறந்தது நிலக்கோட்டை. தாத்தாவுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருந்தது. அதனால் பூ என்றால் அம்மாவுக்கு அழகு ஞாபகம் வராது; மார்க்கெட் விலைதான் ஞாபகம் வரும். “மார்கழி, தையில பனி விழுந்தா மொட்டே வைக்காது. கிலோ ஆயிரக்கணக்குல போகும். ஆனா விக்கிறதுக்கு நம்மகிட்ட பூ இருக்காது” என்று இன்றைக்கும் சொல்வார்.

எங்களை அழைத்துப் போக வந்த டிரைவர் தம்பி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். “பூ இன்னும் மலை ஏறலை மேடம். கீழே இருக்கு. நாம இறங்கிப் போவோம்” என்றார், இந்தியில்.

அந்த ஒரு வரியில்தான் லடாக்கின் வசந்தம் அடங்கியிருக்கிறது. லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிந்து நதி அங்கிருந்து வடமேற்காக இறங்கி ஓடுகிறது. ஆற்றோடு போகப் போக ஊர்கள் தாழ்ந்துகொண்டே போகும், குளிரும் குறையும். அதனால் ஆப்ரிகாட் மரங்கள் முதலில் பூப்பது கீழே, தாஹ், கார்கோன் பக்கம். அது ஏப்ரல் தொடக்கம். பிறகு ஸ்குர்புச்சன், டோம்கர், கல்ட்சே என்று பூ ஒவ்வொரு ஊராக மேலே ஏறிவரும். லே நகரத்து மரங்கள் பூக்க மாதக் கடைசி ஆகிவிடும். ஒரு மரத்தில் பூ நிற்பது ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். குளிர் நீடித்தால் எல்லாமே தள்ளிப்போகும். இதைச் சொல்லாமல் ‘இந்தத் தேதி, இந்த ஹோட்டல்’ என்று பேக்கேஜ் விற்பது கிட்டத்தட்ட லாட்டரிச் சீட்டு விற்பது மாதிரிதான்.

லேயில் இரண்டு நாள் அறையை விட்டு நகரவில்லை. ஆக்சிஜன் குறைவான உயரம். விமானத்தில் வந்து இறங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பினால் தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்து ஆஸ்பத்திரி வரை போகும். அம்மாவுக்கு பி.பி. வேறு. மூன்றாம் நாள் காலை ஆற்றோடு இறங்கினோம்.

நிம்முவில் ஜான்ஸ்கர் நதி வந்து சிந்துவில் கலக்கிறது. சஸ்போல், கல்ட்சே தாண்டியும் புல் பூண்டு கிடையாது. வருடத்துக்குச் சுமார் 100 மி.மீ. மழை பெய்தாலே அதிகம் என்கிற பூமி. அப்புறம் ஒரு வளைவு திரும்பியதும் அம்மா என் கையைப் பிடித்தார்.

ஒரே ஒரு மரம். இலையே இல்லை. அடிமரம் கன்னங்கரேல் என்று இருக்க, மேலே நுனி வரைக்கும் பூ. அது தாண்டி இன்னொன்று, அதற்கும் அப்பால் படிக்கட்டு வயல்களின் வரப்பெல்லாம் பூ. ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாட்ஸ்அப் படத்தில் வந்த ரோஸ் கலர் பொய். மொட்டு மட்டும்தான் நல்ல சிவப்பு. விரிந்த பூ, பாலில் ஒரு சொட்டு ரோஸ்மில்க் கலந்த நிறம்.

ஸ்குர்புச்சன் பக்கம் ஒரு கிராமத்தில், டிரைவர் தம்பியின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதை ஒட்டி இருக்கும். அவரை ‘அமா-லே’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று தம்பி சொல்லிக் கொடுத்தார். ‘அமா’ என்றால் அம்மா. ‘லே’ என்பது நம் ‘ங்க’ மாதிரி மரியாதைக்கு. (திருநெல்வேலிக்காரர்கள் சிரிக்க வேண்டாம்.) பார்த்ததும் ‘ஜூலே’ சொன்னால் போதும், வணக்கம், நன்றி, போய் வருகிறேன் மூன்றுக்கும் அதுவே.

அது பார்லி விதைப்பு நேரமும்கூட. யாக்கும் பசுவும் கலந்த ‘ஜோ’ மாடுகள் உழுதுகொண்டிருந்தன. பனி உருகி வரும் தண்ணீர் கால்வாயில் இறங்கி வயல் வயலாகப் பாய்கிறது. யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்க ‘சுர்பொன்’ என்று ஓர் ஆளை ஊரே நியமிக்கிறது. நம் ஊர் நீர்க்கட்டியேதான்!

“இந்த மரத்துக்கு உங்க பாஷையில என்ன பேர்?” என்று அம்மா கேட்டார்.

“சூலி” என்றார் அமா-லே.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “சூலியா? தமிழ்ல சூலின்னா பிள்ளைத்தாச்சிப் பொண்ணு!” தம்பி இந்தியில் கேட்டு லடாக்கியில் சொல்ல, அமா-லே பல் தெரியச் சிரித்து, மரத்தைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு மொழிக்கும் சம்பந்தமில்லை, சத்தம் தற்செயலாக ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அம்மாவுக்கு அவை எல்லாமே பிள்ளைத்தாச்சி மரங்கள்.

விளைவு மறுநாளே தெரிந்தது. வேனில் வந்த ஒரு கோஷ்டியில் ஒரு பையன், ரீல்ஸுக்காகக் கிளையைப் பிடித்து உலுக்கி இதழ்களைத் தூவிக்கொண்டிருந்தான். “ஏய் தம்பி! வயித்துப் பிள்ளைக்காரியை இப்படித்தான் உலுக்குவியா?” என்று சுத்தத் தமிழில் ஓர் அதட்டல். அவனுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனாலும் கையை எடுத்துவிட்டான். டீச்சர் குரல்.

அந்தக் கிளையில் என்ன இருக்கிறது என்பது அமா-லே பேசப் பேசத்தான் எனக்கே புரிந்தது. ஜூலை, ஆகஸ்டில் பழம் வரும். கூடை கூடையாகப் பறித்து மொட்டைமாடியிலும் பாறைகளிலும் காய வைப்பார்கள். பழப்புழு வெளியே பரவிவிடும் என்று லடாக்கின் பச்சைப் பழத்தை வெளியே கொண்டுபோகப் பல வருடம் தடை இருந்தது. சமீப ஆண்டுகளில்தான் அது பழமாகவே விமானம் ஏறுகிறது. அதனால் காய்ந்த பழம்தான் கைச்செலவுக்கு. கொட்டைக்குள் இருக்கும் பருப்பை ஆட்டி எண்ணெய். தலைக்கும் மூட்டுவலிக்கும் அதுதான். உடைத்த ஓடு அடுப்புக்கு. பருப்பில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு. கசப்புப் பருப்பைச் சும்மா மெல்லாதீர்கள், அதில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. ‘ரக்ட்சே கார்போ’ என்ற ரகத்துக்குத்தான் மவுசு. ‘வெள்ளை விதை’ என்று பொருள். பழமும் இனிப்பு, பருப்பும் இனிப்பு. 2022-ல் புவிசார் குறியீடு வாங்கியது இந்த ரகம்தான்.

அன்று மதியம் தாஹ் வரை போய் வந்தோம். அங்கே ப்ரோக்பா மக்கள், ஆண் பெண் வித்தியாசமில்லாமல் தலையில் பூ வைக்கிறார்கள். அம்மாவின் கொண்டையைத் தொட்டுக் காட்டி, “உன் பூ எங்கே?” என்று சைகையில் கேட்டார் ஒரு பாட்டி. ‘ஆரியப் பள்ளத்தாக்கு’ என்று விளம்பரம் செய்து, அந்த மக்களைக் காட்சிப்பொருள் மாதிரி கேமராவோடு துரத்துகிறார்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அமா-லே மாடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக இருந்த மேகம் விலகிவிட்டது. காற்றும் நின்றுவிட்டது. எனக்கோ குஷி. நட்சத்திரம் பார்க்கலாமே! சாப்பிடும்போது யாரும் அதிகம் பேசவில்லை. தம்பியின் போனில் பார்த்தால், விடிகாலை மைனஸ் மூன்று.

“மொட்டா இருந்தா தாங்கிடும். விரிஞ்ச பூ தாங்காது” என்றார் தம்பி. மேகம் இருந்தால் போர்வை மாதிரி. இல்லாவிட்டால் பூமியின் சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடித் தேங்கும். டூரிஸ்ட்டுகள் ‘ஃபுல் ப்ளூம்’ என்று தேடி வரும் அந்த நாட்கள்தான் மரத்துக்கு வருடத்திலேயே ஆபத்தான நாட்கள். அம்மா அன்றிரவு தூங்கவில்லை. குளிர் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

விடிந்ததும் அமா-லே ஓடைப் பக்கத்துக் கீழ்வயலுக்கு இறங்கினார். பின்னாலேயே நாங்கள். மரம் நேற்று மாதிரியேதான் இருந்தது. இன்னும் அழகாக இருந்ததோ என்றுகூடத் தோன்றியது. அவர் ஒரு பூவைப் பறித்து, கட்டைவிரல் நகத்தால் நடுவில் கிழித்து, அம்மாவிடம் நீட்டினார்.

இதழ் அப்படியே இருக்கிறது. உள்ளே, பழமாக வேண்டிய சூல் மட்டும் கறுத்துப் போயிருக்கிறது.

இன்னொன்று. அதுவும் கறுப்பு. நான் எண்ணினேன்: பத்துப் பூவில் ஏழு. அம்மா எதுவும் சொல்லவில்லை, அமா-லேயின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு படியாக மேல்வயலுக்கு ஏறினோம். நடு வயலில் பாதிக்குப் பாதி. வீட்டுக்கு மேலே இருந்த மரங்களில் கிழித்த பூவெல்லாம் உள்ளே பச்சை. அங்கேதான் அமா-லே முதன்முறையாக மூச்சு விட்டார். எப்படியும் எல்லாப் பூவும் காய்க்காது, கொஞ்சம் பிடித்தாலே மரம் தாங்காது என்றார். “கீழ்மரம் போனாலும் நீங்க ரூம் வாடகை தருவீங்களே!” என்று சிரிக்கவும் செய்தார். விளையாட்டாகச் சொன்னாலும் கணக்கு சரிதான்.

எட்டு மணிக்கு இரண்டு வேன்கள் வந்தன. எல்லோரும் ஓடை ஓரத்துக் கீழ்மரத்தடிக்குத்தான் ஓடினார்கள். பூ அங்கேதான் அதிகம். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். இந்த முறை யாரையும் அதட்டவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தேதியைப் பூவுக்கு விட்டுக்கொடுங்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஏதாவது ஹோம்ஸ்டேக்கு போன் செய்து ‘மொட்டு சிவந்துவிட்டதா?’ என்று கேளுங்கள். சுற்றுலாத் துறையும் ஏப்ரலில் ஊர் ஊராக ஆப்ரிகாட் பூ விழா நடத்துகிறது. வெளியூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். கையில் பணம் வைத்திருங்கள். எல்லையோர ஊர்களுக்கான அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால் லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தெம்பு இருப்பவர்கள் 5,359 மீட்டர் கர்துங் லா கணவாயைக் கடந்து துர்துக்கும் போகலாம். 1971 போரில் இந்தியாவுக்கு வந்த பால்டி கிராமம், 2010-ல்தான் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். அங்கே பூ சீக்கிரமே வந்துவிடும். அம்மாவின் பி.பி.யை நினைத்து நாங்கள் போகவில்லை. காய்ந்த பழமும் எண்ணெயும் வாங்குவதானால் தங்கின வீட்டிலேயே வாங்குங்கள்.

செப்டம்பரில் எங்களுக்கு ஒரு பார்சல் வந்தது. துணிப்பையில் காய்ந்த ஆப்ரிகாட், கொட்டையோடு. அம்மா உடனே போன் போடச் சொன்னார். தம்பி அந்த நேரம் அமா-லே வீட்டில்தான் இருந்தார்.

“கீழ்வயல் என்னாச்சுன்னு கேளு.”

கேட்டேன். கீழ்மரங்களில் ஒரு கூடைகூடத் தேறவில்லையாம். நடுவயல் சுமார். மேல்வயல் மரங்களுக்கு முட்டுக்கொடுக்க வேண்டியதாகிவிட்டதாம். இது அந்த மேல்வயல் பழம் என்றார்.

அம்மா அம்மிக் குழவியை எடுத்துவந்து ஒரு கொட்டையை உடைத்தார். பருப்பைப் பாதியாக்கி எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இனிப்புதான்.