ஒரு மூட்டை யூரியாவும் பத்து டன் குப்பையும்

வெண்டைக்கும் கத்தரிக்கும் ஏக்கருக்குப் பத்து டன் தொழுவுரம் போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். டிராக்டர் டிப்பரில் நாலைந்து நடை வரும். நன்றாக மக்கிய குப்பையில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பத்து டன்னில் இருப்பது 50 கிலோ. அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் அடுத்தடுத்த பருவங்களுக்கு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலோ 20 கிலோவுக்குக் குறையாத தழைச்சத்து இருக்கிறது. விலை சுமார் 266 ரூபாய். சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம்.

இந்தக் கணக்கோடு நின்றால் குப்பை அடிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது.

மண் பிடித்துவைக்கும் சத்து

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரம் காய்கறிக்கும் பூவுக்கும் பேர்போனது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி கத்தரி, வெண்டை, மிளகாய், புடலை என்று ஆண்டு முழுக்க வெள்ளாமை நடக்கிறது. தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் உள்ள வம்பனும் இதே பக்கம்தான். இங்கு பரவலாக இருப்பது செம்புறை மண். இரும்பும் அலுமினியமும் மிகுந்தது, பல இடங்களில் அமிலத்தன்மை கொண்டது, மக்கு (மக்கிய கரிமப் பொருள்) குறைந்தது.

இப்படிப்பட்ட மண்ணில் டிஏபியோ சூப்பர் பாஸ்பேட்டோ போட்டால், அதிலுள்ள மணிச்சத்தில் பெரும்பங்கை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. காசு கொடுத்து வாங்கிய சத்து மண்ணில்தான் இருக்கும், வேருக்கு எட்டாது. தழைச்சத்துக்கு நேர்மாறான கதி. அதைப் பிடித்துவைக்க மண்ணில் எதுவும் இல்லாததால் பாசன நீரோடு கீழே இறங்கிவிடுகிறது.

குப்பையின் பெருமை இங்கேதான் தெரிகிறது. மக்கும்போது வெளிவரும் அங்கக அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் தம்மோடு கட்டிக்கொள்ள, மணிச்சத்து விடுபடுகிறது. மக்கு சேரச் சேர மண் ஈரத்தையும் சத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. பத்து டன் குப்பையின் மதிப்பை அதிலுள்ள தழைச்சத்தை வைத்து மட்டும் போடுவது தவறு என்பது இதனால்தான். அடுத்து போடும் மூட்டை உரம் வீணாகாமல் காப்பதும் அந்தக் குப்பைதான்.

பறிக்கப் பறிக்கப் பசி

நெல்லுக்கு ஒரே அறுவடை. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். கத்தரியும் மிளகாயும் மாதக்கணக்கில் காய்க்கும். ஒவ்வொரு பறிப்பிலும் வயலை விட்டுச் சத்து வெளியேறுகிறது. அதனால்தான் மிளகாய்க்கு நட்ட 30, 60, 90ஆம் நாட்களில் தழைச்சத்தைப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது செடி கேட்கும் வேகத்துக்குக் குப்பையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மேலுரம் தேவைப்படும் இடம் இது.

இயற்கை உரத்திலும் எல்லாம் ஒரே வேகம் அல்ல. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பது கிராமத்துச் சொலவடை. ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து மாட்டெருவை விட அதிகம், பயிருக்கு விரைவாகவும் கிடைக்கும். காய்கறி போடுமுன் ஆட்டுக்கிடை கட்டுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். மக்காத குப்பையோ எதிர்மாறாக வேலை செய்யும்: அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்வதால் செடி வெளிறிப்போகும்.

யூரியா மிஞ்சினாலும் ஆபத்துதான். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று வளரும், பூ பிந்தும். இளசான இலையைத் தேடி அசுவினியும் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் வரும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்புவது அந்த வெள்ளை ஈ. குப்பைக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த காசு மருந்தடிப்பில் போய்விடும்.

விதைக்கும் இதில் பங்குண்டு. பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ரக வெண்டைக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து போதும். வீரிய ஒட்டு வெண்டைக்கு 200 கிலோ. ஹைபிரிட் விதை வாங்கும்போதே உரக்கடைக் கணக்கும் தொடங்கிவிடுகிறது.

நூறாண்டுப் பாடம்

கோவையில் 1909 முதல் ஒரே வயலில் உரச் சோதனை நடந்துவருகிறது. அங்கு விளைவது காய்கறி அல்ல. ஆனாலும் பாடம் பொதுவானது. தழைச்சத்து மட்டும் கண்ட பாத்திகள் பின்தங்குகின்றன. சத்துகளைச் சரிவிகிதத்தில் பெற்றவையும் தொழுவுரம் பெற்றவையும் நின்று விளைகின்றன.

புதுக்கோட்டை மாவட்டம் ஓடுகம்பட்டியில் இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் முன்னின்று உருவாக்கிய கொழிஞ்சிப் பண்ணை, வறண்ட செம்புறை மண்ணையும் தழையாலும் எருவாலும் தேற்ற முடியும் என்று காட்டியது. ஆனால் அதற்கு ஆண்டுகள் பிடித்தன. அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்ட இலங்கை, விளைச்சல் சரிந்து நவம்பரில் பின்வாங்கியது.

மானியம் எந்தப் பக்கம்?

யூரியாவின் அடக்க விலையில் பெரும்பகுதியை ஒன்றிய அரசே ஏற்கிறது. 2010இல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. அதனால் மற்ற உரங்கள் விலையேற, யூரியா மட்டும் மலிவாகவே நின்றது. கை தாராளமாக அதன் பக்கம் போவதில் வியப்பில்லை. குப்பைக்கோ வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறைப்புக்கூலி எல்லாம் விவசாயி தலையில். உழவு மாடுகள் போய் டிராக்டர் வந்தபின் தொழுவமும் சுருங்கிவிட்டது.

தமிழக அரசு 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதை தருகிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் காய்கறி விவசாயிக்கு ஆடிப் பட்டத்துக்கு முன்னால் வேண்டியது மண் பரிசோதனை முடிவும், வயலில் வந்து இறங்கும் பத்து டன் எருவும். மூட்டைக்குக் கிடைக்கும் மானியத்தில் ஒரு பங்கு எருவண்டி வாடகைக்கும் கிடைத்தால், மூட்டைக்குக் கொடுக்கும் மானியமும் வீணாகாது. செம்புறை மண்ணில் குப்பை இல்லாத யூரியா அரசுக்கும் நட்டம், விவசாயிக்கும் நட்டம்.