மாரியும் கோடையும் வீட்டுத்தோட்டமும்

“ஆடிப் பட்டம் தேடி விதை” என்பது தமிழ்நாட்டு உழவர் வழங்கும் பழமொழி. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அதனை மனப்பாடமாகச் சொல்லுவர். சொல்லிய பிள்ளை வளவுக்குள் இறங்கிப் பார்த்தால் காணுங் காட்சியோ வேறு. ஆடி மாதத்திலே சோழகக் காற்றுச் செம்மண்ணை வாரி வீசிக்கொண்டிருக்கும். வேலியோரத்துப் பூவரசு வாடி நிற்கும். கிணற்றுக்குள் விட்ட வாளி நீரைத் தொடுவதற்குக் கயிறு முழுவதும் வேண்டியிருக்கும். காவிரியிலே புதுவெள்ளம் வரும் மாதத்துக்குப் பொருந்திய பழமொழி, ஆறு ஒன்றேனும் ஆண்டு முழுவதும் ஓடாத குடாநாட்டுக்குப் பொருந்தாமற் போவதில் வியப்பில்லை.

அயலிடத்துக் காலக்கணக்கை இரவல் வாங்குவதால் வரும் இடர் பழமொழியோடு நின்றுவிடவில்லை. 2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் பொருளாதார நெருக்கடியில் வருந்தியபோது, அரசாங்க ஊழியர் தத்தம் வீடுகளிற் பயிர் செய்தற்பொருட்டு, மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை அனுமதி அளித்தது. நோக்கம் நல்லதே. ஆனால், அந்த அனுமதி கிடைத்தது ஜூன் மாதத்தில். கொழும்பிலும் காலியிலும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதம் அது. யாழ்ப்பாணத்திலோ மழையற்ற கோடையின் நடுப்பகுதி. அம்மாதத்திலே புதுப்பாத்தி பிடித்து நாற்று நடுபவர் வானத்தை நம்பிப் பயிர் செய்பவரல்லர். தம் கிணற்றை வற்ற இறைத்துப் பயிர் செய்பவரே யாவர்.

குடாநாட்டில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும். சித்திரையில் வரும் சிறுமாரி சில நாள் இடிமுழக்கத்தோடு போய்விடும். ஆகவே, அங்குள்ளோர் ஆண்டை மாரி, கோடை என்று இரண்டாகப் பகுத்தது போதுமானதே. மாரியிலே விழுந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கித் தங்குகிறது. கோடை முழுவதும் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நீரேயாம்.

அந்நீர் தங்கியிருக்கும் விதத்தை அறியாமல் யாழ்ப்பாணத்திலே தோட்டம் செய்தல் கூடாது. பாறைக்குள்ளே நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்நீர் சற்றுப் பாரங் கூடியதாதலின் அடியிலே நிற்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று. மேலே நன்னீர், ஆழம் செல்லச் செல்ல உவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபெனும், 1901இல் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கொன்றுண்டு. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருப்பின், அதன் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பதே அது. இதனைத் திருப்பிப் பார்த்தால் அச்சந் தரும். மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நிலைத்துவிடுமாயின், கீழேயுள்ள உவர்நீர் நாற்பதடி மேலேறி வரும்.

துலா மிதித்து இறைத்த காலத்திலே மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒரே இடத்தில் விரைவாக நீரை உறிஞ்சும்போது, நேர் கீழேயுள்ள உவர்நீர் கூம்புபோல் எழுந்து வருகிறது. ஆதலின், நெடுநேரம் ஒரே மூச்சாக இறைத்துப் பாத்தியை நிரப்புவதிலும், காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறைத்தல் கிணற்றுக்கு நலம். வெயிலில் வீணாகும் நீரும் அதனாற் குறையும்.

வீட்டுத்தோட்டத்தின் ஆண்டு சித்திரையில் தொடங்குவதன்று. ஆவணிப் பிற்பகுதியிலே தொடங்குகின்றது. அப்பொழுது விதைக்க வேண்டுவதில்லை. மண்ணைப் பண்படுத்தினாற் போதும். பூவரசங் குழை, சீமைக்கிளுவைக் குழை, நறுக்கிய பழைய பனையோலை ஆகியவற்றைப் பாத்தியிலே தாழ்த்தி, அவற்றோடு மாட்டெருவையும் இட்டு மூடிவிடுதல் குடாநாட்டின் பழைய வழக்கம். பனையோலை மெல்ல உக்குவதால் அதன் பயன் பல போகங்களுக்கு நிற்கும். 1990 முதல் 1995 வரை, பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் இரசாயன உரமும் குடாநாட்டுக்கு அரிதாயிருந்த ஆண்டுகளில், குழையும் ஓலையும் எருவுமே பயிரின் உணவாயின. நாகரிகமற்றதென்று ஒதுக்கப்பட்ட முறையொன்று அக்காலத்திலே பல வீடுகளின் கறிச்சட்டியைக் காத்தது.

அதே காலத்தில் விழுகின்ற பனம்பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, வளவின் ஒரு மூலையில் மண்ணைக் குவித்துப் பனம்பாத்தி போடுவர். அதற்கு ஒரு வாளி நீரேனும் இறைக்க வேண்டியதில்லை. மாரி மழையே போதும். தையிலே கிண்டினாற் கிழங்கு. அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். அவியாமற் காயவிட்டால் ஒடியல். செலவில்லாத இப்பயிரை இக்காலத்து வளவுகளிற் பலர் மறந்துவிட்டது வருந்தத்தக்கது.

புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் முருங்கை, கிளுவை, பூவரசு ஆகியவற்றின் கதியால்களை வேலியில் நடலாம். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றுக்கு நாற்றுமேடை அமைக்க வேண்டிய காலமும் அதுவே. மேடைக்குமேற் கிடுகினாற் சிறு பந்தர் இடல் வேண்டும்; இல்லையேல், ஐப்பசியின் பெருந்துளிகள் இளநாற்றை அடித்துச் சாய்த்துவிடும். வெண்டி, பயிற்றை, பூசணி, பீர்க்கு ஆகியவற்றை ஐப்பசியில் நேரே ஊன்றலாம். புதிதாகத் தோட்டம் செய்வோர் பலர் பிழைவிடுவது இங்கேதான். மழை வந்துவிட்டதே என்று கோடையிற் பிடித்த தாழ்ந்த பாத்தியிலேயே விதையை இடுகின்றனர். கோடைப் பாத்தி நீரைத் தேக்குவதற்கு. மாரிப் பாத்தி நீரை வடிப்பதற்கு. மாரியிலே பாத்தியை மேடாக்கி, இடையே வடிகால் வெட்டாவிடின், கார்த்திகை வெள்ளத்தில் மிளகாயின் வேர் அழுகிவிடும். வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவில் உட்கொள்ளுமாதலால் அங்கே இவ்விடர் குறைவு. தாழ்ந்த நிலங்களில் மிகுதி. முருங்கையில் மயிர்க்கொட்டி மொய்ப்பதும் இந்த ஈரத்திலேதான்.

மார்கழியில் மழை தணிந்தபின் வாடைக்காற்றோடு வரும் குளிர்ச்சியே காய்கறிக்கு உகந்தது. முன்னர் நட்ட கத்தரியும் தக்காளியும் காய்க்கத் தொடங்கும். கோவா, பீற்றூட், கரட் முதலிய குளிர்நாட்டுப் பயிர்களும் இச்சில வாரங்களிலே யாழ்ப்பாணத்தில் விளையும். கிணறு நிரம்பியிருப்பதாலும் மண் ஈரத்தைத் தாங்கியிருப்பதாலும் இறைப்பும் சிறிதே. இராசவள்ளிக் கிழங்கு தோண்டப்படுவதும் அண்மையிலே. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய அதன் ஊதாநிறக் கூழை அறியாத நேயர்கள் யாழ்ப்பாணத்து உறவினரைக் கேட்டறிவாராக. மாமரம் பூத்து நிற்கும். பனி மிகுந்தாற் பூ கருகும் என்ற கவலையும் உடனிருக்கும்.

பங்குனியிலிருந்து தோட்டத்தைச் சுருக்க வேண்டும். இதுவே செய்வதற்கு அரியது. காய்த்துக்கொண்டிருக்கும் செடியைப் பிடுங்க மனம் வராது. ஆயினும், ஓய்ந்த கத்தரிக்கு வைகாசிவரை நீர் வார்ப்பதனால் வருவது நாலைந்து சூத்தைக் காய்களே. சித்திரைச் சிறுமாரி கிடைக்குமாயின், வெறும் பாத்தியிற் சணல் விதைத்துப் பூக்கும் தறுவாயில் மண்ணுக்குள் மடக்கலாம். கிடையாவிடின், பாத்தியைச் சருகினால் மூடி ஆறவிடுவதே தக்கது.

சோழக மாதங்களுக்கு ஏற்ற தோட்டம் கிணற்றடித் தோட்டம். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடுமிடத்தில் இதரையும் கதலியும் வளரும். வாய்க்காலோரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படரும். முருங்கையும் மரவள்ளியும் சிறிது ஈரத்திலே காலங் கழிக்கவல்லன. தேசி, மாதுளை, கறிவேப்பிலை ஆகியவற்றின் அடியில் வாழைச் சருகைப் பரப்பிவைத்தால், வார்க்கும் நீரிற் பெரும்பங்கு மண்ணிலே நிற்கும். காற்றுப் பக்கத்துக் கிடுகுவேலி அழகுக்காக மட்டுமன்று. அஃது இருக்குமிடத்தில் மண்ணின் ஈரம் விரைந்து உலராது. கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் பழுப்பது இந்த வறட்சியில் என்பது ஒரு சிறு ஆறுதல்.

இக்கணக்கும் குடாநாடு முழுவதற்கும் ஒன்றன்று. தென்மராட்சியின் மணல் நிலத்தில் நீர் நில்லாது. அங்கே எரு கூடுதலாக வேண்டும். தீவுப்பகுதிக் கிணறுகள் பல கோடையில் உவர்த்துவிடும். குடிநீருக்கே அலையும் வீட்டுக்காரரிடம் கோடைத்தோட்டம் செய்க என்பது முறையன்று.

உரத்தைப்பற்றியும் கூற வேண்டும். வீட்டுத்தோட்டத்தில் கிணறும் பாத்தியும் பத்தடி இடைவெளியில் இருப்பதுண்டு. பயிர் உண்ணாது எஞ்சிய யூரியா மண்ணிலே நைத்திரேற்றாக மாறும். மாரியின் முதல் மழை அதனைக் கரைத்துப் பாறை வெடிப்புகளூடாகக் கிணற்றுக்குக் கொண்டுசேர்க்கும். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. செறிவாகப் பயிர் செய்யப்படும் வலிகாமத்துக் கிணறுகள் பல இவ்வரையறையைக் கடந்துவிட்டன என்பது 1980களிலேயே ஆய்வுகளாற் புலப்பட்டது. நிறமில்லை, மணமில்லை, நீர் தெளிவாகவே இருக்கும். மாட்டெருவும் அளவு மீறினால் இதே விளைவைத் தரும். எருக்கும்பியும் மலகூடக் குழியும் கிணற்றுக்கு அருகில் இருப்பின் சொல்ல வேண்டுவதில்லை. இந்நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாக வற்றுந்தோறும் எஞ்சியதிற் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், குருதி உயிர்வாயுவைச் சுமக்குந் திறனை இழந்து, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்றடிப் பாத்திக்கு இரசாயன உரம் இடுவதற்கு முன்னர், கிணற்றுநீரைச் சோதிப்பித்துக்கொள்ளல் வேண்டும். மாரிக்கு முன் ஒருமுறையும் மாரிக்குப் பின் ஒருமுறையும்.