குருத்துக்குள் ஒரு குரல்

இருளிற் பறந்து பூச்சி பிடிக்கும் வௌவாலுக்குக் கண்ணினும் காதே பெருந்துணை என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். 1790ஐ அடுத்த ஆண்டுகளில், பார்வை இழந்த வௌவால்களும் எதிலும் மோதாது பறப்பதை இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி கண்டு வியந்தார். அவ்வியப்புக்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது. மனிதச் செவிக்கு எட்டாத உயரொலியை எழுப்பி, அது பொருள்களிற் பட்டு மீளும் எதிரொலியால் அவை வழி அறிகின்றன என்பதை அமெரிக்கரான டொனால்ட் கிறிபினும் றொபேட் கலம்போசும் 1941ஆம் ஆண்டளவில் மெய்ப்பித்தனர்.

எனினும், வழி காண்பதோடு வௌவாலின் குரற்பணி முடிந்துவிடுவதில்லை. உற்றாரைத் தேடவும், தேடி வருவோர்க்குத் தன் இருப்பிடத்தை உணர்த்தவும் அதற்குக் குரல் வேண்டும். இதனைத் தெளிவாகக் காட்டுவது மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் ஒரு சிறு வௌவாலினம்.

அதன் நிறை ஏறத்தாழ 4 கிராம். பெருவிரல்களிலும் பாதங்களிலும் வட்டமான உறிஞ்சு தட்டுகள் உண்டு. வாழைக்கு உறவான ஹெலிக்கோனியாச் செடியின் குருத்து விரியாமற் குழல்போற் சுருண்டிருக்கும்போது அதனுள் நுழைந்து, வழுவழுப்பான உட்புறத்தை அத்தட்டுகளாற் பற்றிக்கொள்ளும். பிற வௌவால்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொங்க, இதுவோ தலை நிமிர்ந்தே தங்கும். ஒரு குருத்தில் ஐந்தாறு சேர்ந்திருப்பது வழக்கம்.

வாழைக்குருத்தைப் பார்த்திருப்போர்க்கு இவ்வீட்டின் குறை உடனே விளங்கும். ஏறத்தாழ ஒரு நாளில் குருத்து விரிந்து இலையாகிவிடும், வீடு இல்லாதுபோம். ஆகவே, நாள்தோறும் புதுவீடு தேடுதல் இவ்வுயிர்களின் விதி. ஆயினும், கூட்டத்தின் உறுப்பினர் மாறுவதில்லை. ஆணும் பெண்ணும் பிறந்த கூட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்கின்றன. இரவெல்லாம் இரை தேடிப் பிரிந்து திரிந்தவை, முன்பின் அறியாத குருத்தொன்றில் மீண்டும் ஒன்றுகூடுவது எங்ஙனம்?

கொஸ்தாரிக்கா நாட்டு ஆய்வாளர் குளோரியானா சாவெரியும் அவர்தம் துணைவரும் 2010இல் இதற்கு விடை வெளியிட்டனர். பறந்து செல்லும் வௌவால் ஒருவகைக் குரலால் வினவுகின்றது. குருத்தினுள் இருப்பது வேறொரு குரலால் விடையிறுக்கின்றது. அவ்விடையைக் கேட்டே வந்தது உள்ளே புகுகின்றது.

சுருண்ட குருத்தே இவ்வுரையாடலுக்கு உதவும் கருவியுமாகின்றது. வெளியிலிருந்து வரும் குரலை அது 10 தெசிபெல் வரை பெருக்குவதாக 2013இல் கண்டறிந்தனர். ஆனால், பெருக்குகையில் ஒலியைச் சற்றே திரிபுறவும் செய்கின்றது. உள்ளிருப்பவையோ, அழைப்பது தம்மினமா, அயற்கூட்டமா என வேறுபாடு காட்டாமல் விடையளிக்கின்றன. வெளியே பறப்பதுதான் விடைக்குரலில் தன் உற்றாரை இனங்கண்டு தேர்ந்துகொள்கின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. கூட்டத்தில் எல்லாமே விடையளிப்பதில்லை. சில எப்போதும் குரல் கொடுக்கின்றன. சில ஒருபோதும் கொடுப்பதில்லை. வாய் திறக்கும் அச்சிலவே வழிதேடி அலைவோரைக் கூட்டத்திற் கொண்டு சேர்க்கின்றன.

நிலைத்த வீடுடையோர்க்கு, உறவைக் காப்பது வீடே எனத் தோன்றலாம். நாள்தோறும் வீட்டை இழக்கும் இச்சிற்றுயிர்கள் அங்ஙனம் நம்பி வாழ இயலாது. அழைப்பதற்கு ஒரு குரலும் அதற்கு மறுமொழியாக இன்னொரு குரலும் உள்ளவரை அவற்றின் குடும்பம் கலைவதில்லை.