மாரியில் ஓய்வு கொள்ளும் பழைய வாகனங்களை ஈரத்தினின்று காத்தல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலே கமக்காரரின் வீடு கடற்பக்கத்திலும் வயல் மேற்குப் பக்கத்திலும் அமைந்திருப்பது வழக்கம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாரிப் போகத்துக்கான உழவும் விதைப்பும் முடிந்ததும் உழவு இயந்திரம் வீட்டு வளவுக்குத் திரும்பி விடுகின்றது. பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அறுவடை தொடங்கும் வரை அதற்கு வேலை குறைவு. அதே கொட்டகையில் தந்தையார் காலத்து மொரிஸ் மைனர் அல்லது ஒஸ்டின் கார் ஒன்றும் நிற்றல் கூடும். மழையும் வெள்ளமும் மிகுந்த இம்மாதங்களிலே அதுவும் பெரும்பாலும் வெளியே எடுக்கப்படுவதில்லை.

மழை நனையாதபடி வாகனத்தை மூடிவிட்டால் கடமை முடிந்ததென்று பலர் எண்ணுகின்றனர். மேலிருந்து விழும் மழை விளைக்குங் கேட்டிலும், உள்ளே அடைபட்ட ஈரம் விளைக்குங் கேடு பெரிது. அறுவடை நாளன்று எண்ணெய்த் தாங்கியில் நீர் சேர்ந்து, கிளச்சுத் தட்டு ஒட்டிக்கொண்டு, மின்கலமும் செயலிழந்திருக்குமாயின், அறுத்த நெல் வயலிலேயே கிடக்கும். அன்றிரவு மழை பெய்தால் அந்நெல்லின் கதி என்னவென்பதைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மொரிஸ் மைனர் கார் 1948 முதல் 1971 வரையும், மாஸி பெர்குஸன் 135 உழவு இயந்திரம் 1964 முதல் 1975 வரையும் இங்கிலாந்திலே செய்யப்பட்டவை. எஞ்சினின் உறுப்புகள் பலவற்றை இன்றும் தேடிப் பெறலாம். கறள் தின்ற அடித்தகட்டையும் கதவையும் மீட்பது அவ்வளவு எளிதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டுந் திறக்கப்பட்டது. கையிலுள்ள பழைய வாகனத்தின் அருமையை அவ்வாண்டுகள் யாவருக்கும் உணர்த்தின.

ஈரம் வரும் வழி

வெப்பமான காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும்; குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 28 பாகை செல்சியஸ் வெப்பத்திலே ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 27 கிராம் நீராவியைக் கொண்டிருக்கும். அதே காற்று இரவில் 22 பாகைக்குக் குளிர்ந்தால் 19 கிராம் மட்டுமே அதில் தங்கும். எஞ்சியது கண்ணாடியிலும் தகட்டிலும் நீர்த்துளியாகப் படியும். 3 கன மீற்றர் இடமுள்ள காரினுள் இவ்வாறு ஓரிரவிற் படியக்கூடிய நீர் ஏறத்தாழ 24 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. இது சிறிதே. ஆயினும் காரினுள்ளே நனைந்த கால்விரிப்பொன்று கிடக்குமாயின், பகல்தோறும் அதிலிருந்து ஆவி எழுந்து இரவுதோறும் தகட்டிற் படிந்துகொண்டே இருக்கும். மூடிய காருக்கு அவ்விரிப்பு ஒரு கிணறு போன்றது.

கடற்காற்றிலுள்ள உப்பு இக்கேட்டை மிகைப்படுத்தும். உப்புத் தானே ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. சமையலறை உப்புச் சாடி மாரியிலே நீர்விடுவதை இல்லத்தார் அறிவர். வாகனத்தில் உப்புப் படிந்தவிடமும் அவ்வாறே நனைந்திருந்து விரைவிற் கறள் பிடிக்கும்.

விதைநெல் கற்பிக்கும் பாடம்

விதைநெல்லைக் காக்கும் முறை கமக்காரர் யாவரும் அறிந்ததே. ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படாதவாறு நன்கு உலர்த்திய பின்னரே நெல் மூடையிடப்படும். மூடைகள் நிலத்திலே படாதபடி பலகை மீது அடுக்கப்படும். சுவரோடு சேராதபடி இடைவெளி விடப்படும். ஈர நெல்லைப் பொலித்தீனிற் கட்டிவைக்கும் கமக்காரர் எவருமில்லை. உலர்த்துதல், நிலத்தின் ஈரத்தினின்று விலக்குதல், காற்றோட விடுதல் என்னும் இம்மூன்றுமே வாகனத்துக்கும் உரிய விதிகளாம்.

உலர்த்தி நிறுத்துதல்

வாகனத்தை ஓய்வில் விடுமுன் நன்னீரால் அடிப்புறத்தையும் சில்லு மறைப்புகளையும் கழுவிச் சேற்றையும் உப்பையும் நீக்குதல் வேண்டும். சேறு ஒட்டியவிடம் பல நாள் ஈரமாயிருக்கும். பின்னர் வெயிலுள்ள ஒரு நாளிலே கதவுகளைத் திறந்து, கால்விரிப்புகளையும் அவற்றின் கீழுள்ள சாக்குத் துணிகளையும் வெளியே எடுத்து உலர்த்துக. உலர்ந்த விரிப்புகளை மீண்டும் காரினுள் இடாது வீட்டினுள்ளே வைத்தல் நன்று. பழைய துணி, வெற்றுச் சாக்கு, தும்புக் கயிறு முதலியவற்றையும் அகற்றுக. அவை ஈரத்தை வைத்திருப்பதோடு எலிக்கும் இருப்பிடமாகும்.

கதவுகளின் அடிவிளிம்பிலே நீர் வடியும் சிறு துளைகள் உள. அவை மண்ணால் அடைபட்டிருப்பின் ஈர்க்குக் கொண்டு திறந்துவிடுதல் வேண்டும். கண்ணாடிகளைச் சுற்றியுள்ள இறப்பர் வெடித்திருந்தால் மழைக்கு முன்னரே மாற்றுக.

நிறுத்தும் இடமும் மூடும் முறையும்

வெறும் மண்ணிலும் புல்லிலும் வாகனத்தை நிறுத்தலாகாது; நிலத்தினின்று எழும் ஈரம் அடித்தகட்டைத் தாக்கும். கொங்கிறீற்றுத் தளம் நல்லது. அஃதில்லாதவிடத்து மண்ணின் மீது தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேற் பலகை அல்லது செங்கல் பரப்பிச் சில்லுகளை நிறுத்துக. கொட்டகையின் கூரை ஒழுகாதிருக்க வேண்டும். பக்கங்கள் முற்றாக அடைக்கப்படாதிருக்க வேண்டும். கடற்பக்கத்தை மட்டும் கிடுகால் மறைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிடுதல் இக்கரைக்குப் பொருத்தமானது.

பொலித்தீனாலோ தறப்பாளாலோ வாகனத்தை இறுகச் சுற்றிக் கட்டுவது பெருந்தவறு. ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணத்தையும் கறளையும் வளர்க்கும். கூரை நல்லதாயின் பழைய பருத்திச் சேலைத் துணியொன்று தூசிக்குப் போதும். தறப்பாள் இட்டே ஆகவேண்டுமெனின், கம்புகளின் மீது பந்தல் போலக் கட்டி, வாகனத்துக்கும் அதற்கும் இடையே ஓரடி இடைவெளி விடுக. கார்க் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கி, அவ்விடைவெளியில் எலி புகாதவாறு சிறுகண் கம்பிவலை பொருத்துக. வயலுக்குச் செல்லாத வெள்ளிக்கிழமைகளில், மழையற்ற முற்பகலாயின், கதவுகள் யாவற்றையும் இரண்டு மணி நேரந் திறந்து வைத்தல் நற்பழக்கமாகும்.

நீற்றாத சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும். ஒரு கிலோகிராம் சுண்ணாம்பு ஏறத்தாழ 300 கிராம் நீரை ஏற்கும். நனைந்த விரிப்பொன்றிலே பல லீற்றர் நீர் இருத்தல் கூடுமாதலால், உலர்த்தாத காரிலே சுண்ணாம்பு வைத்துப் பயனில்லை. உலர்ந்த காரில் வைப்பதாயின் மட்பாத்திரத்தில் அரைப்பங்கே இடுக; ஈரமேற்க அது பொங்கும். நீர் நேரே பட்டால் கொதிக்குமாதலால் ஒழுகும் இடத்தில் வைத்தலாகாது. கண்ணிற் படாதவாறும் சிறுவர் கைக்கு எட்டாதவாறும் பார்த்துக்கொள்க.

உறுப்புகளைக் காத்தல்

எண்ணெய்த் தாங்கியை நிறைத்து வைத்தல் வேண்டும். வெற்றிடம் குறைந்தால் உள்ளே படியும் நீருங் குறையும். டீசல் வடியின் அடிக்கிண்ணத்தில் நீர் கண்டால் வடித்துவிடுக. உழவு இயந்திரத்தின் நிமிர்ந்த புகைபோக்கியை வெற்றுத் தகரப்பேணியாற் கவிழ்த்து மூடுக. இயக்குமுன் அதனை மறவாது எடுத்தல் வேண்டும். கிளச்சு மிதியை அமுக்கி மரக்கட்டையாற் பொருத்திவைத்தால் தட்டு ஒட்டாது. கைத்தடையை இழுத்து விடாமல் சில்லுகளுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அன்றேல் தடைப்பட்டைகள் ஒட்டிக்கொள்ளும். வண்ணம் போன உலோகப் பகுதிகளுக்குக் கிரீஸ் பூசுக. மின்கலத்தைக் கழற்றி உலர்ந்த இடத்திற் பலகை மீது வைத்து, மாதமொருமுறை மின்னேற்றுக. 12 வோல்ற்று மின்கலம் முழுமையாக ஏற்றப்பட்டால், சில மணி நேர ஓய்வுக்குப் பின் ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும்.

நாள்தோறும் ஐந்து நிமிடம் இயக்கி நிறுத்துவோர் உளர். இது நன்மையினுந் தீமை பயப்பது. ஒரு லீற்றர் எரிபொருள் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகி ஆவியாக வெளியேறுகின்றது. எஞ்சின் நன்கு சூடேறாவிடின் அந்நீர் புகைபோக்கியினுள்ளும் எஞ்சின் எண்ணெயிலும் தங்கிவிடும். எனவே இரண்டு வாரத்துக்கொருமுறை, நிலம் உலர்ந்த நாளிலே, அரைமணி நேரம் ஓட்டிவருதல் வேண்டும். அதற்கு வசதியில்லையெனின் இயக்காதே விடுதல் மேல். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை இயக்குதல் உயிருக்கு ஆபத்தாகும். அதன் நச்சுப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

வெள்ளம் புகுந்தால்

2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் இறுதியிலும் அம்பாறை மாவட்டம் பெருவெள்ளத்தைக் கண்டது. மழை வலுக்குமுன் வாகனத்தை வளவின் மேட்டுப் பகுதிக்கு மாற்றுதல் முதற் காப்பு. நீர் எஞ்சின் வரை ஏறியிருந்தால் வடிந்தவுடன் இயக்கிப் பார்த்தல் கூடாது. உள்ளே புகுந்த நீர் அமுங்காதாகையால் எஞ்சினின் தண்டு வளைந்துவிடும். மின்கல இணைப்பை முதலிற் கழற்றுக. எஞ்சின் எண்ணெய் பால் போல வெளுத்திருப்பின் அதில் நீர் கலந்துள்ளதென அறிந்து, முழுவதையும் வடித்து மாற்றிய பின்னர் தேர்ந்த திருத்துநரிடங் காட்டுதல் வேண்டும்.

இங்கு கூறியவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணச்செலவு இல்லை. விதைப்பு முடிந்து மழை வலுக்குமுன் கிடைக்கும் ஒரு வெயில் நாளும், அந்நாளிற் சில மணி நேர உழைப்புமே வேண்டும். விதைநெல்லுக்குக் காட்டும் கவனத்தை வாகனத்துக்குங் காட்டும் கமக்காரர், கதிர் முற்றிய காலையில் நம்பிக்கையோடு எஞ்சினை இயக்கலாம்.