அரத்தில் தொடங்கும் இன்ஜின்

சென்னையை ஒட்டிய வெள்ளானூரிலிருந்து ஆவடிப் பக்கம் போனால் டாங்கி செய்கிற கனரக வாகனத் தொழிற்சாலை. அதற்குக் கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதையும் தாண்டினால் பாடி, பிறகு பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. 1955-ல் பெரம்பூர், 1961-ல் ஆவடி, 1964-ல் அம்பத்தூர் என்று பத்தே ஆண்டுகளுக்குள் சென்னையின் இந்த மேற்குப் பக்கம் இரும்பு கடையும் ஊராகிவிட்டது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி ஆவடியிலிருந்து வெளியே வந்தது. இன்றைக்கும் இங்கே ஒரு தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டினால், ஒரு வீட்டிலாவது ஓய்வுபெற்ற ஃபிட்டரோ டர்னரோ இருப்பார்.

ஆனாலும் சொந்த ஆசைக்காக வீட்டில் ஒரு சின்னப் பட்டறை போட்டு, உள்ளங்கையில் அடங்கும் நீராவி இன்ஜினைச் செய்து ஓடவிடுகிறவர்கள் இந்தப் பக்கம் கண்ணில் படுவது அரிது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. கேட்டால் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: “அதுக்கெல்லாம் மெஷின் வாங்கணுமே சார், லட்சக்கணக்குல ஆகுமே.” துல்லியத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற நம்பிக்கை இது. அது உண்மையல்ல. துல்லியம் பெரும்பாலும் வேலை செய்யும் முறையிலிருந்து வருகிறது. மெஷின் அந்த முறைக்குக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு அப்படித்தான் வளர்ந்தது. 1898-ல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் லண்டனில் ‘மாடல் இன்ஜினியர்’ இதழைத் தொடங்கினார். அதைப் படித்தவர்களில் ஆலைத் தொழிலாளர்களும் உண்டு, குமாஸ்தாக்களும் உண்டு. தோட்டத்து மூலையில் ஒரு கொட்டகை, அதில் ஒரு சின்ன லேத், ஒரு வைஸ், கொஞ்சம் அரங்கள். 1946-ல் மைஃபோர்டு கம்பெனி கொண்டுவந்த எம்.எல்.7 லேத் இவர்களுக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. துளையும் ஓட்டமும் முக்கால் அங்குலமே உள்ள ஸ்டூவர்ட் 10வி இன்ஜினின் வார்ப்புகளை வாங்கி, அந்த ஒற்றை லேத்திலேயே கடைந்து முடித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

லேத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் வாங்க வேண்டியது வைஸ். அதைப் பொருத்தும் உயரத்தில் கவனம் தேவை. நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, அங்கே வைஸின் தாடை மேல்விளிம்பு இருக்க வேண்டும். தாழ்ந்தால் முதுகு வலிக்கும், உயர்ந்தால் அரம் மேலும் கீழும் ஊஞ்சலாடி, பரப்பு நடுவில் மேடாகிவிடும். மேசை அசையவே கூடாது. சுவரோடும் தரையோடும் போல்ட் போட்டுக் கட்டிவிடுவது நல்லது.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்புக்குச் சேரும் பையனிடம் முதலில் ஒரு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) துண்டைக் கொடுத்து, ஆறு பக்கமும் சதுரமாக ராவச் சொல்வார்கள். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் படித்து வந்தவர்களைக் கேளுங்கள், அந்த நாட்களின் கைவலியை இன்னும் சொல்வார்கள். அது தண்டனையல்ல. முதலில் ஒரு முகத்தைத் தட்டையாக்கு. அதுதான் ஆதாரம். அடுத்த முகத்தை அதற்குச் செங்குத்தாக்கு. இனி எந்த அளவையும் இந்த இரண்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், மூன்றாவது இடத்திலிருந்து அல்ல. மாடல் இன்ஜினின் சட்டம், சிலிண்டர் பிளாக், பேரிங் தாங்கி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இதைக் கையில் பழகாதவருக்கு எவ்வளவு விலையுள்ள மில்லிங் மெஷின் கொடுத்தாலும் துளைகள் நேராக அமையாது.

அரம் தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். பல்லில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் பிசிறு சிக்கிக்கொண்டு பரப்பைக் கீறுவது குறையும். பித்தளைக்கென்று ஒரு புது அரத்தைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். இரும்பில் ஓடிய அரம் பித்தளையில் வழுக்கும். கோடு போடுவதற்கு மார்க்கிங் நீலம் கடையில் கிடைக்கிறது. பழைய ஃபிட்டர்கள் மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்த எஃகின்மேல் பூசுவார்கள். நொடியில் மெல்லிய செம்புப் படலம் ஏறும், ஸ்கிரைபர் கோடு அதில் பளிச்சென்று விழும், கைபட்டாலும் அழியாது. வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும், இல்லையென்றால் துரு பிடித்துவிடும். சர்ஃபேஸ் பிளேட் வாங்க முடியாதவர்கள், தடித்த கண்ணாடிப் பலகையை ஒரு கிரானைட் துண்டின்மேல் படிய வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

தட்டையான பரப்பு உலகில் முதன்முதலில் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றைத் தட்டையா என்று சோதிக்க, ஏற்கெனவே தட்டையான இன்னொன்று வேண்டுமே! ஜோசஃப் விட்வொர்த் 1840-ல் உலகுக்குச் சொன்ன வழியில் விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள், கொஞ்சம் வண்ணம், ஒரு சுரண்டி. இரண்டு தட்டுகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால், ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் அமைந்து பொருந்திவிடக்கூடும். மூன்றாவது தட்டை மாற்றி மாற்றிப் பொருத்தும்போது அந்த ஏமாற்று எடுபடாது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றும் தட்டையாக இருந்தே தீர வேண்டும். துல்லியம் எந்தத் துல்லியமான கருவியிலிருந்தும் பிறக்கவில்லை, முறையிலிருந்தே பிறந்தது. இதைப் படித்த நாளிலிருந்து பட்டறை வேலையின்மேல் எனக்கு இருந்த மரியாதை பலமடங்கு ஆகிவிட்டது.

இனி லேத். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சின்ன மேசை லேத்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. பழைய லேத் வாங்குகிறவர்கள் பெட்டில் சக்குக்கு அருகே தேய்மானம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை நடப்பதெல்லாம் அங்கேதான். மோட்டார் மூன்று ஃபேஸாக இருந்தாலும் கவலையில்லை. ஒரு வி.எஃப்.டி. (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) வாங்கி மாட்டினால் வீட்டின் ஒற்றை ஃபேஸிலேயே ஓடும், வேகத்தையும் குமிழைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். 20 மி.மீ. எம்.எஸ். கம்பியை ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலால் கடைய நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று போதும். பித்தளையானால் இரட்டிப்பாக்கலாம்.

டூலின் நுனி சரியாக சென்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சின்ன லேத்தில் ‘டூல் கடிக்கிறது’, ‘வேலை அதிர்கிறது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதில் முடிந்துவிடும். அதைப் பார்க்க ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். சக்கில் பிடித்த உருண்டைக் கம்பிக்கும் டூல் நுனிக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி, மெல்ல அழுத்துங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் நுனி சென்டரில் இருக்கிறது. ஸ்கேலின் மேல்முனை கம்பியின் பக்கம் சாய்ந்தால் டூல் உயரம், உங்கள் பக்கம் சாய்ந்தால் தாழ்வு. வேலையைத் துண்டாக அறுக்கும் பார்ட்டிங் டூலைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுவார்கள். உயரத்தைச் சரிசெய்து, டூலைக் குறைவாக நீட்டி, வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டுத் தயங்காமல் ஊட்டினால் பயப்பட ஒன்றுமில்லை.

மூன்று தாடை சக் வசதியானது, ஆனால் அது வேலையைச் சரியாக நடுவில் பிடிக்காது. கொஞ்சம் தேய்ந்த சக்கில் 0.05 மி.மீ. விலகல் சாதாரணம். இதற்காக விலை கூடிய சக் வாங்க ஓட வேண்டாம். ஒரு முனையில் பிடித்த கம்பியைக் கழற்றாமலேயே வெளி விட்டம், துளை, முகம் மூன்றையும் கடைந்து, கடைசியில் அறுத்தெடுங்கள். ஒரே பிடிப்பில் செய்ததெல்லாம் ஒரே மையத்தில் அமைந்திருக்கும், சக் எவ்வளவு மோசமாக இருந்தாலும். திருப்பிப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் நான்கு தாடை சக்கும் டயல் கேஜும். எதிரெதிர்த் தாடைகளை ஒன்றைத் தளர்த்தி ஒன்றை இறுக்கி முள்ளைச் சமப்படுத்தப் பழகியவர், ஒரு தேநீர் ஆறுவதற்குள் வேலையை நூறில் ஒரு மில்லிக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் வரும்போது இன்னொரு பழக்கம் வேண்டும். வரைபடத்தில் 12 மி.மீ. என்றிருந்தால் இரண்டையும் தனித்தனியே 12.00 ஆக்க முயலாதீர்கள். முதலில் சிலிண்டரை போரிங் செய்து ரீமர் விட்டு முடியுங்கள். அது 12.03 ஆனாலும் பாதகமில்லை. பிறகு பிஸ்டனை அந்தத் துளைக்கென்றே கடைந்து, மெட்டல் பாலிஷ் தடவி உள்ளே வெளியே ஓட்டித் தேய்த்துப் பொருத்துங்கள். கன்மெட்டலில் எமரி பேஸ்ட் போடக் கூடாது. அதன் துகள் மென்மையான உலோகத்தில் பதிந்து, பிஸ்டனைச் சாகும்வரை அரித்துக்கொண்டே இருக்கும். தேய்த்துப் பொருத்தி முடித்ததும் மண்ணெண்ணெயில் நன்றாக அலசிவிட வேண்டும். பெரிய இன்ஜினிலும் இதே கதைதான். 1855-ல் தயாரான ‘ஃபேரி குயின்’ ரயில் இன்ஜினை 1997-லும், அதன் சகோதர இன்ஜினான இ.ஐ.ஆர். 21-ஐ 2010-லும் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நூற்றைம்பது வயது இன்ஜினுக்குக் கடையில் ஸ்பேர் கிடைக்காது. இருப்பதை அளந்து அதற்கேற்பச் செய்வதுதான் வழி. வீட்டுப் பட்டறைக்கும் அதுவே வழி.

கடைந்து முடித்த கையோடு அளந்து ஏமாறாதீர்கள். 20 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 25 டிகிரி சூடேறியிருந்தால் நூறில் ஒரு மில்லிக்கும் மேல் பெருத்திருக்கும். வெள்ளானூர் மே மாதத்தில் பட்டறையே 38 டிகிரியில் இருக்கும்போது, வேலையும் மைக்ரோமீட்டரும் ஒரே மேசையில் அரைமணி நேரம் கிடந்து ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளப்பதுதான் சரி.

முதல் இன்ஜினாக நான் எல்லோருக்கும் சொல்வது ஆடும் சிலிண்டர் இன்ஜின். வால்வு கிடையாது. சிலிண்டரே ஒரு அச்சில் ஆடித் தன் துளையைத் தாங்கியின் இரண்டு துளைகளுக்கு மாறி மாறிக் காட்டுகிறது. ஒன்றில் காற்று வருகிறது, ஒன்றில் போகிறது. கிராங்கின் ஆரம் 8 மி.மீ., ஆடும் அச்சிலிருந்து கிராங்க் ஷாஃப்ட் 40 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், அச்சிலிருந்து 15 மி.மீ. தள்ளியுள்ள துளை இருபுறமும் 3 மி.மீ. ஆடும். எனவே தாங்கியின் துளைகள் நடுக்கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி, 2.5 மி.மீ. ட்ரில் பிட்டில். இதை ஸ்கேல் வைத்து அளந்து போட்டால் பிசகும். ஒரு தகட்டுப் பட்டையில் அச்சுக்கு ஒரு துளை, 15 மி.மீ. தள்ளி ஒரு துளை, மறுமுனையில் கிராங்க் பின் புகும் நீள்துளை போடுங்கள். பட்டையைத் தாங்கியில் மாட்டி கிராங்கைச் சுற்றுங்கள். பட்டை ஒருபக்கம் எட்டும் எல்லையில் நிறுத்தி, அதன் வழியாகவே துளை போடுங்கள். மறுபக்க எல்லையிலும் அப்படியே. அதே பட்டையை வைத்துத்தான் சிலிண்டர் துளையும். உங்கள் கிராங்க் 8-க்கு பதில் 7.9 ஆகியிருந்தால்கூட இன்ஜின் தன் துளைகளைத் தானே சரியான இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

உலோகத்துக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்ன லேத் பட்டறைகளிலேயே வெட்டுத்துண்டுகள் கிடைக்கும். கேட்டு வாங்கும்போது என்ன ஸ்டீல் என்று தெரிந்துகொண்டு, அப்போதே பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பெயர் தெரியாத துண்டு வீட்டு லேத்தின் டூலைத் தின்றுவிடும். ஈயம் கலந்த ஈ.என். 1ஏ ஸ்டீல் கிடைத்தால் விடாதீர்கள், வெண்ணெய்போல் கடையும். டேப், டை, ரீமர், டயல் கேஜ் எல்லாம் பாரிமுனை லிங்கிச்செட்டித் தெருப் பக்கம் போனால் பார்த்து வாங்கலாம். துண்டு வாங்கப் போகும் பட்டறையில் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று, “அண்ணே, இதை எப்படிப் பிடிச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் இல்லாத பதில் கிடைக்கும்.

இந்த ஊரில் கருவிகளுக்குப் பெரிய எதிரி ஈரக்காற்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குளிர்ந்து கிடக்கும் லேத் பெட்டின்மேல் காலை வெப்பக் காற்று பட்டதும் பனிபோல் ஈரம் படியும். மாலை வேலை முடிந்ததும் சுருள்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

வீட்டுப் பட்டறைதானே என்று லுங்கி, வேட்டி, துப்பட்டாவோடு லேத் முன்னால் நிற்க வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு சுழலும் வேலையைத் தொடவே கூடாது. சக் சாவி கையில் இருக்கலாம், மேசையில் இருக்கலாம், சக்கில் மட்டும் இருக்கக் கூடாது. பித்தளைச் சீவல் ஊசிபோல் தெறிக்கும், கண்ணாடி அவசியம்.

இன்ஜினின் முதல் ஓட்டம் எப்போதும் காற்றில்தான். சைக்கிள் பம்ப் போதும். ஒரே இடத்தில் நின்று நின்று போனால் அந்த இடத்தில் எந்த பேரிங் இறுகுகிறது என்று பாருங்கள், அழுத்தத்தைக் கூட்டி ஓட்டப் பார்க்காதீர்கள். நீராவிக்குச் செம்புக் கொதிகலன் செய்ய ஆசை வரும், வரட்டும். அதன் இணைப்புகளுக்குச் சாதாரண ஈயப் பற்று கூடாது, வெள்ளி கலந்த பற்று வைக்க வேண்டும். தட்டார்கள் வெண்காரம் இட்டுப் பொடி வைத்து ஊதுகிற அதே வேலை, கொஞ்சம் பெரிய தீயில். நம் நாட்டுக் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ளவற்றைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. ஆகவே உங்கள் கொதிகலனைச் சோதிக்க எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார், முழுப் பொறுப்பும் உங்களுடையது. தீ மூட்டுவதற்கு முன் துளிக் காற்றுகூட இல்லாமல் பச்சைத் தண்ணீரை நிரப்பி, கைபம்பால் வேலை அழுத்தத்தின் இரண்டு மடங்குக்கு மெல்ல ஏற்றுங்கள். தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. இணைப்பு விட்டாலும் கசியுமே தவிர வெடிக்காது. கேஜ் முள் இறங்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால்தான் அடுத்த வேலை. முள் சற்றே இறங்கினாலும் தண்ணீரை வடித்து, கசியும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, மறுபடி பற்று வைத்து, சோதனையை முதலிலிருந்து தொடங்குங்கள்.