உத்திரத்தின் தாங்கி எதிர்வினைகள்

தாங்கி எதிர்வினை என்பது, சுமை ஏற்றப்பட்ட ஓர் உத்திரத்தை நிலையாக வைத்திருப்பதற்கு அதன் தாங்கிகள் அவ்வுத்திரத்தின் மீது செலுத்தும் விசை அல்லது திருப்புத்திறன் ஆகும். உத்திரம் தாங்கியைக் கீழ்நோக்கி அழுத்தும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, தாங்கியும் அதே அளவு விசையுடன் உத்திரத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. கட்டமைப்புப் பகுப்பாய்வில் பெரும்பாலும் முதலில் கணிக்கப்படுவது இதுவே. உத்திரத்தினுள் ஏற்படும் நறுக்கு விசை, வளைவுத் திருப்புத்திறன் ஆகியவற்றை அறிவதற்கும், உத்திரத்தைத் தாங்கும் தூண், சுவர், அடித்தளம் ஆகியவற்றை வடிவமைப்பதற்கும் எதிர்வினைகளின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

தாங்கிகளின் வகைகள்

ஒரு தாங்கி எந்த இயக்கத்தைத் தடுக்கிறதோ, அந்த இயக்கத்துக்கு உரிய எதிர்வினையை மட்டுமே தரும். இதன் அடிப்படையில் தாங்கிகள் மூன்று முதன்மை வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

* உருளைத் தாங்கி: இது தாங்கும் பரப்புக்குச் செங்குத்தான இயக்கத்தை மட்டும் தடுக்கிறது. எனவே ஓர் எதிர்வினை மட்டுமே உண்டு. வெப்பத்தால் பாலத்தின் உத்திரம் நீளவும் சுருங்கவும் இடமளிப்பதற்காக, ஒரு முனையில் இவ்வகைத் தாங்கி அமைக்கப்படுவது உண்டு.
* கீல் தாங்கி: இது கிடை, நிலைக்குத்து ஆகிய இரு திசைகளிலும் நகர்வைத் தடுக்கிறது, சுழற்சியைத் தடுப்பதில்லை. இதில் இரண்டு எதிர்வினைகள் உள்ளன.
* நிலைத்த தாங்கி: இது நகர்வு, சுழற்சி இரண்டையும் தடுக்கிறது. இரண்டு விசைகளுடன் ஒரு திருப்புத்திறனும் சேர்ந்து மூன்று எதிர்வினைகள் ஏற்படுகின்றன.

சமநிலை நிபந்தனைகள்

ஒரே தளத்தில் செயற்படும் விசைகளுக்கு உட்பட்ட ஒரு பொருள் சமநிலையில் இருப்பதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

# கிடை விசைகளின் கூட்டுத்தொகை சுழியாக இருத்தல்
# நிலைக்குத்து விசைகளின் கூட்டுத்தொகை சுழியாக இருத்தல்
# எந்தவொரு புள்ளியைப் பற்றியும் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை சுழியாக இருத்தல்

விசையின் அளவை, அப்புள்ளியிலிருந்து விசையின் செயற்கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீசு ஆராய்ந்த நெம்புகோல் தத்துவமும் இதுவே.

கணிக்கும் முறை

6 மீட்டர் நீளமான உத்திரம் ஒன்று, அ என்னும் இடது முனையில் கீல் தாங்கியின் மீதும், ஆ என்னும் வலது முனையில் உருளைத் தாங்கியின் மீதும் அமைந்துள்ளது எனக் கொள்க. அ முனையிலிருந்து 2 மீட்டர் தொலைவில் 24 கிலோநியூட்டன் புள்ளிச் சுமை உள்ளது. அத்துடன், உத்திரத்தின் முழு நீளத்திலும் மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் வீதம் சீராகப் பரவிய சுமையும் உள்ளது. அ, ஆ ஆகியவற்றில் ஏற்படும் நிலைக்குத்து எதிர்வினைகளை முறையே எ1, எ2 எனக் குறிக்கலாம். கிடைச் சுமை இல்லாததால் கிடை எதிர்வினை சுழியாகும்.

பரவிய சுமையின் மொத்தம் 5 × 6 = 30 கிலோநியூட்டன். எதிர்வினையைக் கணிப்பதற்கு, இம்மொத்தச் சுமை அதன் நடுப்புள்ளியில், அதாவது அ முனையிலிருந்து 3 மீட்டரில், செயற்படுவதாகக் கொள்ளலாம். உத்திரத்தின் உள்விசைகளைக் கணிக்கும்போது இவ்வாறு கொள்வது பிழையாகும்.

அ முனையைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் எ1 சமன்பாட்டில் இடம்பெறாது:

எ2 × 6 = (24 × 2) + (30 × 3) = 138
எ2 = 23 கிலோநியூட்டன்

நிலைக்குத்து விசைகளின் சமநிலைப்படி:

எ1 = 24 + 30 − 23 = 31 கிலோநியூட்டன்

விடையைச் சரிபார்க்க ஆ முனையைப் பற்றித் திருப்புத்திறன் எடுக்கலாம்: (24 × 4) + (30 × 3) = 186; இதனை 6 ஆல் வகுக்க 31 கிடைக்கிறது. புள்ளிச் சுமை அ முனைக்கு அருகில் இருப்பதால் அம்முனையின் எதிர்வினை கூடுதலாக உள்ளது.

எதிர்க்குறி பெறும் விடை

தாங்கிக்கு அப்பால் நீண்டு செல்லும் உத்திரங்களில் எதிர்வினை கீழ்நோக்கியதாகவும் இருக்கலாம். 8 மீட்டர் நீளமான உத்திரம் ஒன்றுக்கு இடது முனையிலும், அதிலிருந்து 6 மீட்டரிலும் தாங்கிகள் உள்ளன; வலது முனையில் 15 கிலோநியூட்டன் சுமை உள்ளது எனக் கொள்க. உத்திரத்தின் தன்னெடையைப் புறக்கணித்தால், இரண்டாவது தாங்கியின் எதிர்வினை 15 × 8 ÷ 6 = 20 கிலோநியூட்டன். முதல் தாங்கியின் எதிர்வினை 15 − 20 = −5 கிலோநியூட்டன். எதிர்க்குறி கணக்குப் பிழையைக் குறிப்பதன்று. அம்முனை மேலெழ முயல்கிறது என்பதும், அதைக் கீழ்நோக்கிப் பிடித்துவைக்க வேண்டும் என்பதுமே இதன் பொருள்.

நிலையியலால் மட்டும் தீர்க்க இயலாதவை

மேற்கண்ட மூன்று சமன்பாடுகளால் மூன்று அறியாக் கணியங்களை மட்டுமே காணலாம். எதிர்வினைகள் அதற்கு மேற்பட்டால் உத்திரத்தின் வளைவையும் கருத்திற்கொள்ள வேண்டும். இரண்டு சம இடைவெளிகளைக் கொண்டு, மூன்று தாங்கிகளின் மீது தொடர்ச்சியாகச் செல்லும் சீரான உத்திரம் ஒன்றின் மீது பரவிய சுமை இருப்பின், ஓர் இடைவெளியின் மொத்தச் சுமையில் 1.25 மடங்கு நடுத்தாங்கிக்கும், 0.375 மடங்கு ஒவ்வொரு முனைத் தாங்கிக்கும் செல்கிறது. இதனை இரண்டு தனி உத்திரங்களாகக் கருதினால் நடுத்தாங்கிக்கு 1 மடங்கு என்றே விடை வரும். அவ்விடையைக் கொண்டு வடிவமைக்கப்படும் நடுத்தூண் தேவையான வலிமையைப் பெறாது. மேலும், இவ்வகை உத்திரங்களில் ஒரு தாங்கி சற்றே கீழிறங்கினாலும் எதிர்வினைகள் மாறிவிடும்.

கான்சசு நகர விபத்து

எதிர்வினை செல்லும் வழியைக் கவனியாது விடுவதன் விளைவுக்கு, ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கான்சசு நகரில் நிகழ்ந்த விபத்து ஓர் எடுத்துக்காட்டாகும். 1981 சூலை 17 அன்று அயாட் ரீசென்சி தங்குவிடுதியின் இரண்டு தொங்கு நடைபாலங்கள் இடிந்து விழுந்ததில் 114 பேர் உயிரிழந்தனர்.

முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து தொங்கிய ஒரே நீளத் தண்டு நான்காம் மாடி, இரண்டாம் மாடி ஆகிய இரு நடைபாலங்களையும் தாங்குவதாக இருந்தது. அதில் மேல் உத்திரத்தின் அடியிலுள்ள மரை, மேல் நடைபாலத்தின் சுமையை மட்டுமே ஏற்கும். பின்னர் தண்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, கீழ் நடைபாலம் மேல் நடைபாலத்தின் உத்திரத்திலிருந்து தொங்கவிடப்பட்டது. இதனால் மேல் இணைப்பில் ஏற்பட்ட எதிர்வினை ஏறத்தாழ இரு மடங்கானது. மொத்தச் சுமையிலோ கூரை தாங்கிய விசையிலோ மாற்றம் இல்லை. மேல் உத்திரத்தைத் தனியே பிரித்து, அதன் மீது செயற்படும் விசைகளை வரைந்திருந்தால் இவ்வேறுபாடு புலப்பட்டிருக்கும். முதல் வடிவமைப்பும் நகரின் கட்டட விதிகள் கோரிய வலிமையைப் பெற்றிருக்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது.

இவற்றையும் பார்க்க

* நறுக்கு விசை
* வளைவுத் திருப்புத்திறன்
* நெம்புகோல்
* நியூட்டனின் இயக்க விதிகள்